சுமைகூலி

பெற்றோல் நூற்றெண்பத்து நான்கு டொலர்,
காற்று எதிர்த்து வீசாவிட்டால்.
சஸ்கச்சுவானில் அது எப்போதுதான் எதிர்க்கவில்லை.
ஹொட்டேல் இரண்டிரவு, வரியோடு முந்நூற்றுப் பத்து.
காலை உணவு இலவசம் என்கிறார்கள்;
வாஃபிள் இயந்திரத்தின் முன் நிற்கும் வரிசைக்கு
யாரும் விலை போடவில்லை.
சாப்பாடு எழுபது. அதை வெட்டி,
புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போவதென்று
நாற்பது.
கார் நிறுத்த இருபத்து நான்கு.
நுழைவுக் கட்டணம் ஐந்து,
அதை மட்டும் யோசிக்காமல் எழுதினேன்.
சனிக்கிழமைச் சம்பளம் இருநூற்றுப் பத்து,
போனது போனதுதான்.

மூஸ் ஜோவிலிருந்து கல்கரிக்கு
அறுநூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர்.
ஸ்விஃப்ட் கரண்ட் தாண்டினால்
ரேடியோவும் கைவிட்டுவிடும்.

இவ்வளவும் எதற்கு?
ஒரு கால் டொலர் நாணயத்துக்கு.
அச்சு இயந்திரம் ஒருகணம் அசந்ததில்
காரிபூ மானின் கொம்பு பாதி வெளியே போய்விட்டது,
வேலிக்கு அந்தப்பக்கம் யாரோ கூப்பிட்டு
அது தலையை நீட்டியதுபோல.

நான் பிழை நாணயம் சேர்ப்பவள்.
சரியானவை எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன.
அவற்றைச் செலவழிக்கத்தான் முடியும்.

"சுண்டைக்காய் கால் பணம்" என்றார் இரகுபரன்,
சட்டி கழுவிக்கொண்டே.
மிச்சத்தைச் சொல்லவில்லை.
மிச்சம்தான் நான் எழுதிக்கொண்டிருந்த தாள்.

தபாலில் எடுக்கலாமே, பன்னிரண்டு டொலர் செலவு?
எடுக்கலாம். எடுத்தும் இருக்கிறேன்.
உறைக்குள் நாணயம் வந்தது.
கூட ஒருவரும் வரவில்லை.

கெலோனாவிலிருந்து வருவார் வால்ட்டர் பென்னர்.
மூன்று வருடமாக அந்த மான் அவர் மேசையில்.
முதல் வருடம் முப்பத்தெட்டு என்றார். நான் முப்பது என்றேன்.
அடுத்த வருடம் நாற்பது. நான் முப்பது.
போன வருடம் பூதக்கண்ணாடியை என் கையோடு கொண்டுபோய்
மூக்கருகே ஒரு கீறலைக் காட்டினேன்.
"கீறல் இல்லை, மீசை" என்றார்.
மானுக்கு மீசையா?
அறுபது மேசை போட்ட மண்டபத்தில்
எங்கள் மேசையில்தான் சத்தம்.

இந்த முறை தொலைபேசியில் சொன்னார்:
மேசை வாடகை கூடிவிட்டதாம்,
மலைப்பாதைக்கு நான்கு டயரும் மாற்ற வேண்டுமாம்,
அவரும் ஒரு தாள் எழுதியிருக்கிறார்.
வாசித்தார். நானும் என்னுடையதை வாசித்தேன்.
திருவிழா முடிந்த இரண்டு கோவில் கணக்குப்பிள்ளைகள்போல
வரவே இல்லாத பக்கத்தை
மாறி மாறி வாசித்துக்கொண்டிருந்தோம்.

நடுவழியில் சந்தித்தால் என்ன?
முதலில் கேட்டது யார் என்று நினைவில்லை.
அவர் பக்கம் அறுநூறு,
என் பக்கம் அறுநூற்றுத் தொண்ணூறு.
வரைபடத்தில் ஆளுக்கொரு விரலை நகர்த்தினோம்.
விரல்கள் முட்டிய இடம் ஸ்ட்ராத்மோர்,
கல்கரிக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர் இப்பால்.

போகவர எனக்குத் தொண்ணூறு மிச்சம்.
பெற்றோலில் பன்னிரண்டு டொலர்.
அதே பன்னிரண்டு அவருக்கு நட்டம்.

கொஞ்சநேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.
பிறகு ஒரு சத்தம்.
இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

ஒரு சென்ட்டை ஒழித்துவிட்ட நாடு இது.
காசாகக் கொடுத்தால்
கடைக்காரப் பிள்ளை கூட்டியோ குறைத்தோ
முழுசாக்கிவிடும்.
எழுநூற்று எழுபத்து மூன்றை நானும் அப்படித்தான்
எழுநூற்று எழுபதாக்கினேன்.
இந்த முறை முப்பத்தொன்று சொல்லிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

மூன்று டொலர் எங்கே போனது என்று
இரகுபரன் கேட்கவில்லை.
சம்பல் போத்தலின் மூடியை
இறுக்கிக்கொண்டு நின்றார்,
எழுநூறு கிலோமீற்றருக்குக் கசியாதபடி.